பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்!



மகனுக்கு ஹைடெக் பார்க்கில் வேலை. தோட்டத்திலிருந்து இரவு ஷிப்ட்டுக்குப் போகக் கார் வேண்டும். அப்பா தம் இபிஎப் பணத்தில் முன்பணம் கட்டப் பழைய மைவி ஒன்றைப் பார்த்துவிட்டார். பளபளக்கிறது, விலையும் மலிவு. மகிழ்வதா, ஏன் மலிவு என்று கேட்பதா?

2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. கழுவி மெருகேற்றிவிட்டால் மூழ்கிய காரும் புதுமாப்பிள்ளைதான்! பஸ்பாகோம் சோதனை இருக்கிறதே என்பார்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, என்ஜின் எண், சேசிஸ் எண் திருத்தப்பட்டுள்ளனவா என்றுதான் முக்கியமாகப் பார்க்கும். கார் குளித்த கதையை அது சொல்லாது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேலே ஷாம்பு போட்டவர் உள்ளே சுருண்டிருப்பதை மறந்திருப்பார். சேற்றுக்கறை அங்கே இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்பேர் டயர் குழியில் மண், கதவை மூடியதும் ஒரு பூஞ்சை வாடை... வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தாலும் சந்தேகப்படலாம். வயர் இணைப்புகளில் புகுந்த நீர் மாதங்கள் கழித்தும் வேலையைக் காட்டும். அப்போது கார் நிற்கும், வங்கித் தவணை நிற்காது.

தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். வியாபாரி மறுத்தால், பக்கத்திலேயே அடுத்த கடை இருக்கிறது.