மலையேறிய கேபிள் கார்

கொலம்பியாவின் மெதெயின் நகரில் 1991-ல் லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் கொலையுண்டார்கள். போதைக் கும்பல்களின் பிடி அவ்வளவு கொடியது.

2004-ல் அங்குள்ள ஏழைகளின் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அதில் இறங்கி வந்து மெட்ரோ ரயிலைப் பிடித்தார்கள். கூடவே தெருவிளக்கு, பூங்கா, நூலகம், பள்ளிக்கூடம். பயந்து கிடந்த மக்களுக்கு நகரம் செய்த நியாயமான மரியாதை அது!

பிறகு ஆய்வாளர்கள் அந்தப் பகுதிகளையும், இந்த வசதிகள் வராத அதே போன்ற பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கொலைகள் குறைந்திருந்தன. வசதி வந்த இடத்தில் அந்தச் சரிவு 66 சதவீதம் அதிகம்.

போலீஸ், ராணுவ நடவடிக்கைகளுக்கும் இதில் பங்குண்டு. கும்பல்களும் ஒழிந்துவிடவில்லை, கடைக்காரர்களிடம் மாமூல் கேட்பது தொடர்கிறது. இருந்தாலும் நகரம் நிற்கவில்லை. 2011-ல் பதின்மூன்றாம் வட்டாரத்தில், 28 மாடி உயரம் படியேறிய மக்களுக்கு எஸ்கலேட்டர் அமைத்தது.