தாழியோட்டில் மானும் முதலையும்



தென்னமெரிக்காவின் பெரு நாட்டு வடகரையில் ஏறத்தாழப் பொ.ஆ. 100 முதல் 800 வரை வாழ்ந்த மோச்சே மக்களுக்கு எழுத்தில்லை. ஆந்தை, நரி, கடற்சிங்கம் ஆகியவற்றைக் கலங்களாகவே வனைந்து வைத்தனர். கழுத்தில் கயிறு பூண்டு, கைதியைப் போல் அமர்ந்திருக்கும் மானும் அவற்றுள் உண்டு. மான் வேட்டையும் போரும் அவர்கள் கருத்தில் ஒத்தவை என்று அறிஞர் துணிந்தது அந்த ஒரு மானைக் கண்டன்று. கிறிஸ்தோபர் டொனன் போன்றோர் ஆயிரக்கணக்கான கலங்களின் படங்களைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே அவ்வாறு கூறினர்.

இனி நம் தாமிரபரணிக் கரைக்கு வருவோம். ஆதிச்சநல்லூரில் 2004ஆம் ஆண்டு தி. சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வில் நூற்றுக்கு மேற்பட்ட ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த ஓர் ஓட்டில், சுடுவதற்கு முன் ஈரமண்ணை ஒட்டிச் செய்த உருவங்கள் புடைத்து நிற்கின்றன: ஒரு பெண், அவளருகே உயர்ந்தெழும் ஒரு செடி, ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. அச்செடி எதுவென்பதிலேயே அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர்.

தமிழ் கற்றோர்க்கு இங்கே ஓர் ஆசை எழுவது இயல்பு. மான் முல்லைக்கு உரியது. முதலை நெய்தலுக்கு உரியது. கொக்கையும் செடியையும் மருதத்தில் சேர்த்துவிட்டால் ஓர் ஓட்டிலேயே மூன்று திணைகள்! நாமும் முதலில் இவ்வாறு எண்ணி மகிழ்ந்தவர்களே. ஆயினும் இதனை நாம் விட்டுவிட வேண்டும். இரும்புக்காலக் குயவர் கையில் பிற்கால உரையாசிரியரின் ஏட்டைத் திணிப்பது முறையன்று. மோச்சேக் கலங்கள் பல்லாயிரம். நமக்கு வாய்த்த இவ்வகைக் காட்சியோ ஓர் ஓடு. அகழாய்வின் அறிக்கையும் நெடுங்காலம் வெளிவராது கிடந்தமையால் ஊகங்களே பெருகின.

துணை தேடுவதாயின், அதே மேட்டில் தேடலாம். அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த வெண்கலக் கலங்களில் எருமையும் சேவலும் பிற விலங்குகளும் உருவாக நிற்கின்றன. இறந்தோரோடு விலங்குருவங்களை வைக்கும் வழக்கம் அங்கு இருந்தது என்று இவற்றைக் கொண்டு உறுதியாகவே கூறலாம். விலங்குகளின் பொருள் என்னவென்பது அடுத்த படி. அதற்கு இன்னும் பல ஓடுகள் வேண்டும்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டைத் தாழிக்கு உரையாகக் கொள்வாரும் உளர். கணவனை இழந்தாள் ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றி வந்த சிறு வெண்பல்லியைப் போல அவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவள் தான் என்கிறாள். தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவரை வேண்டுகிறாள். அப்பல்லியை ஓட்டின் முதலையோடு இணைக்க நாம் துணியோம். ஆனால் தாழி வனைந்தவரிடம் இறந்தோரின் உறவினர் இன்னவாறு செய்க என்று கேட்டிருக்கக்கூடும் என்பதை அப்பாட்டு நமக்கு உணர்த்துகிறது. ஓட்டில் உள்ள பெண்ணும் அத்தகைய வேண்டுகோளால் அங்கு வந்தவளாக இருக்கலாம்.

தமிழகம் செல்வோர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் வெண்கலங்களைக் காணலாம். ஆதிச்சநல்லூரிலேயே 2023 முதல், அகழ்ந்த குழியிலுள்ள தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்க ஏற்பாடு உள்ளது.