செல்லாத பணமும் சிகாகோ நூலகமும்



இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபோது, அமெரிக்க ராணுவத்தின் லாரிகளும் ஜீப்புகளும் கிடங்குச் சரக்கும் பல நாடுகளில் தேங்கிக் கிடந்தன. ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சரி, அங்கேயே விற்றுவிடலாம் என்றால், வாங்குகிறவர்களிடம் டாலர் இல்லை. அவர்கள் தரக்கூடிய உள்ளூர்ப் பணமோ அமெரிக்காவில் செல்லாது.

அர்க்கன்சாஸ் மாநிலத்தின் செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு வழி சொன்னார். அந்தப் பணம் அந்தந்த நாட்டிலேயே இருக்கட்டும். மாணவர்களும் ஆசிரியர்களும் நாடுவிட்டு நாடு போய்ப் படிக்கவும் கற்பிக்கவும் அதைச் செலவிடுவோம் என்றார். 1946 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதிபர் ட்ரூமன் கையெழுத்திட, அது சட்டமானது. இன்று உலகமறிந்த ஃபுல்பிரைட் உதவித்தொகை பிறந்த கதை இதுதான். 1950-இல் இந்தியாவும் இத்திட்டத்தில் சேர்ந்தது.

அடுத்து வந்தது கோதுமை. அமெரிக்க விவசாயிகளிடம் விளைச்சல் மிஞ்சியது. இந்தியாவில் உணவுப் பற்றாக்குறை. 1954-இல் வந்த பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டப்படி, கோதுமைக்கு நாம் ரூபாயிலேயே விலை கொடுக்க முடிந்தது. அமெரிக்காவின் கணக்கில் ரூபாய் மலைபோல் குவிந்தது.

அதில் ஒரு சிறு பங்கைப் புத்தகம் வாங்கச் செலவிடலாம் என்று 1958-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1962-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழிகள் பலவற்றிலும் நூல் வாங்கத் தொடங்கியது. கவிதை, நாவல், வாரப் பத்திரிகை, அரசு அறிக்கை என்று ஒன்றுக்குப் பல படிகள் கப்பலேறின. சென்னையில் அச்சான தமிழ்ப் புத்தகம் சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி பல்கலைக்கழக நூலகங்களின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. நூலக அட்டைகளில் பி.எல். 480 என்ற குறிப்பும் ஏறியது. அங்கே தமிழ் படிக்க வந்தவர்களுக்கு நூல் தட்டுப்பாடு பெருமளவு தீர்ந்தது.

இதெல்லாம் தரும காரியமா என்றால், இல்லை. சோவியத் யூனியனோடு நடந்த பனிப்போர் பின்னால் நின்றது. 1965, 66-இல் மழை பொய்த்து நாம் தவித்த நேரத்தில், அதிபர் ஜான்சன் கோதுமையை மொத்தமாகத் தர ஒப்புக்கொள்ளாமல் இழுத்துப் பிடித்துச் சிறுகச் சிறுக விட்டார். வேளாண்மைக் கொள்கையை மாற்றச் சொல்லி நெருக்கினார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அவருக்கு உறுத்தியது. புத்தகம் வாங்கிய அதே சட்டம்தான் கழுத்துக் கயிறாகவும் ஆனது.

கடைசியில், குவிந்த ரூபாயைச் செலவிட்டு மாளாது என்று அமெரிக்காவே உணர்ந்தது. 1974-இல் இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் கொடுத்தார். அன்றைக்குக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய தொகை அது.

வல்லரசுகள் நட்பைப் பற்றி நிறையப் பேசும். எடுத்துப் போக முடியாமல் கையில் நின்ற பணத்தை அவை என்ன செய்தன என்று பார்த்தால், பேச்சில் எவ்வளவு நிஜம் என்று விளங்கிவிடும்.