விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கா?

(விடுமுறைக்கு வந்திருக்கும் வளைகுடா வாழ் குடும்பங்களின் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்மூரில் வளைகுடா போகாத ஆள் இல்லாத வீடு குறைவு. மதுரை விமான நிலையத்தில் இறங்குகிறோம். கார் ரிங் ரோட்டைப் பிடித்து கப்பலூர், திருமங்கலம், செக்கானூரணி என்று உசிலம்பட்டி வந்துவிடுகிறது. மதுரைக்குள் நுழைவதே இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் மகனை அழைத்து வந்தேன்.

போன வருடம் பேரன் ஒரு கேள்வி கேட்டான். அவன் படிக்கும் இடத்தில் கூடப் படிக்கும் பையன், "நீங்களெல்லாம் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று கேட்டானாம். இவன் "மதுரை" என்றிருக்கிறான். "அது இல்லை, அதற்கு முன்னால்?" என்றானாம் அவன். பேரன் என்னிடம், "தாதா, நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்றான். மதரஸாவிலும் கல்லூரியிலும் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த முறை அவர்கள் இறங்கியதும் டிரைவரிடம், "தம்பி, ரிங் ரோடு வேண்டாம், பெருங்குடி, அவனியாபுரம் வழியாக ஊருக்குள் விடு" என்றேன். மருமகளுக்குக் கோபம், தூக்கம் கெட்ட பயணம், பெட்டிகள் வேறு. ஜங்ஷன் வரை 12 கிலோமீட்டர்தான் என்று சமாதானம் சொன்னேன். வில்லாபுரம் தாண்டி, தெற்குவாசலில் இட்லி சாப்பிட்டதும் எல்லாருக்கும் முகம் தெளிந்தது.

முதலில் திருமலை நாயக்கர் மஹால், 1636இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது மிச்சம்தான். பெரும்பகுதியை அவருடைய பேரன் சொக்கநாதரே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்த பேரனுக்குப் பாதிகூடக் கை எட்டவில்லை.

அங்கிருந்து காஜிமார் தெரு பெரிய பள்ளிவாசல். மதுரையின் முதல் பள்ளிவாசல், 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கொடுத்த இடத்தில் காஜி சையத் தாஜுத்தீன் கட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. சுல்தான்களின் ஆட்சி இங்கே தொடங்கியது 1335 வாக்கில். ஆக, அரசர்கள் வருவதற்கு முன்பே இங்கே தொழுதிருக்கிறார்கள். பேரனுக்கு முதலில் சொன்னது இதைத்தான். பெண்களை அழைத்துப் போகிறவர்கள் எதுவரை போகலாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ளுஹர் தொழுதுவிட்டு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பிள்ளைகளுக்கு அன்றைய பயணமே அதுதான், மறைப்பானேன்!

பிறகு வைகையைத் தாண்டி கோரிப்பாளையம். தர்கா வளாகத்தில் நிழலில் உட்கார்ந்து இப்னு பதூதாவைப் பற்றிச் சொன்னேன். மொராக்கோக்காரர், 1340களில் இங்கே வந்தவர். "அவர் எந்த ஏர்போர்ட்டில் இறங்கினார்?" என்றான் சின்னவன். இலங்கையிலிருந்து வந்த கப்பல் காற்றில் சிக்கி, நம் கிழக்குக் கரையில் தட்டிக் கரையேறியவர் என்றேன். அப்போதைய சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை. இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஆனாலும் பிடிபட்டவர்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, அந்த சுல்தான் கொன்ற கொடுமையை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவி, நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்ததையும் எழுதினார்.

"இதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லணுமா மாமா?" என்றாள் மருமகள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ஆட்சி ஏறத்தாழ 40 ஆண்டுதான் இருந்தது, 1378 வாக்கில் முடிந்தது. அதன் பெருமையில் நமக்குப் பங்கு கேட்டால் கொடுமையிலும் கேட்க வேண்டும். நம் முன்னோர் அநேகமாக அரண்மனையில் இருந்தவர்கள் இல்லை. கடல்தாண்டி வந்த வியாபாரியும் இருந்தார், குதிரை பழக்கியவரும் இருந்தார், இங்கேயே உழுதுகொண்டிருந்து கலிமா சொன்னவரும் இருந்தார். எல்லாரும் வீட்டில் பேசியது தமிழ். அடுத்த முறை அந்தப் பையன் கேட்டால் இதைச் சொல் என்றேன். பேரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் எங்கிருந்து வந்தான்னு நானும் கேட்கலாமா தாதா?" என்றான். சண்டையாக இல்லாமல் கேள் என்றேன்.

திரும்பும்போது காளவாசல், நாகமலை புதுக்கோட்டை வழி வந்தோம். கீழக்குயில்குடி சமணர் மலையைக் காரிலிருந்தே காட்டினேன். ஏறுவதற்கு யாருக்கும் தெம்பில்லை. அங்கே ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்தும் இருக்கின்றன. அதற்கு வேறொரு நாள் போக வேண்டும்.

வந்த அன்றே போக முடியாதவர்களுக்காக, வரும் ஞாயிறு அறக்கட்டளை சார்பில் வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம். காலை ஏழு மணிக்குப் பள்ளிவாசல் முன்பிருந்து புறப்படும். தாத்தா, பாட்டிமாரும் வரலாம். அவர்களிலும் மஹாலைப் பார்க்காதவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். பெயரை வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மதியச் சாப்பாடு நம் பொறுப்பு, ஜிகர்தண்டா அவரவர் செலவு.