ஐம்பது நிமிடமும் ஆறு நாளும்

சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறி, வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் தாண்டி ஆவடியில் இறங்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அதைவிடச் சற்றுக் கூடுதலாக, ஐம்பது நிமிடம் போல ஆகும், ஸ்ரீநகரில் ஏறும் விமானம் லடாக்கின் லே நகரில் இறங்க.

லே நமக்கு அந்நியமான ஊர் இல்லை. டேங்க் ஃபேக்டரி என்று நாம் சொல்லும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, முன்பு டி-72 ரக டேங்குகளைச் செய்தது; இப்போது டி-90 ரக டேங்குகளைச் செய்கிறது. அந்த ரக டேங்குகள் 2020-இல் லடாக் எல்லைக்கு விமானத்திலேயே ஏற்றிச் செல்லப்பட்டன. பட்டாளத்தில் சேர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் விமானத்தில்தான் அங்கே போகிறார்கள்.

ஸ்ரீநகருக்கும் லேவுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 255 கிலோமீட்டர். சாலையில் போனால் 420 கிலோமீட்டருக்குக் குறையாது. சோஜிலா கணவாய் ஏறி, திராஸ், கார்கில் வழியாகப் போக வேண்டும். கார்கிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் போய்ச் சேர்வதே வழக்கம். கடும்பனி விழுந்தால் அந்தச் சாலையும் மூடிவிடும்.

லேவுக்கான வான்வழியும் சும்மா திறந்துவிடவில்லை. 1948-இல், இந்திய-பாகிஸ்தான் போரின்போது, லே நகரை எதிரிப்படை நெருங்கியது. லடாக் பொறியாளர் சோனம் நோர்பு, உள்ளூர் மக்களைக் கொண்டு சிந்து நதிக்கரையில் மண்ணைச் சமன்படுத்தி ஓர் ஓடுதளம் போட்டார். அந்த ஆண்டு மே 24-ஆம் தேதி, மேஜர் ஜெனரல் திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு, ஏர் கமோடர் மெஹர் சிங் ஒரு டக்கோட்டா விமானத்தை அங்கே இறக்கினார். காற்றழுத்தம் காக்கும் வசதி இல்லாத விமானம். வழிகாட்டக் கருவிகளோ வரைபடங்களோ போதாத வழி. கண்ணால் பார்த்துத்தான் மலைகளைத் தாண்டினார்.

இன்றும் லே விமான நிலையம் விமானிகளுக்குச் சவால்தான். கடல்மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரம், சுற்றிலும் மலை. அங்கே காற்று லேசானது. வெயில் ஏற ஏற இன்னும் லேசாகும். இறக்கைகளைத் தாங்கும் பலம் குறையும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் பலத்த காற்றும் எழும். அதனால்தான் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து, காலையிலேயே திரும்பிவிடுகின்றன. வானிலை கெட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

சரி, விமானம் இறங்கிவிட்டது. ஆள் போய்ச் சேர்ந்தாரா? இல்லை. ஸ்ரீநகர் விமான நிலையத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கிறார். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், தூக்கம் வராது. குறைந்த பிராணவாயுவுக்கு உடம்பு பழக வேண்டும். அதனால் ராணுவம் அந்த உயரத்துக்கு வரும் வீரர்களை முதல் ஆறு நாள் பழக்கத்துக்கென்றே வைத்திருக்கிறது. முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு மெல்ல நடை. அதன் பிறகுதான் வேலை. இன்னும் மேலே போக வேண்டியவர்களுக்கு மேலும் சில நாள். ஐம்பது நிமிடத்தில் விமானம் கடந்த தூரத்தை உடம்பு கடக்க ஆறு நாள் பிடிக்கிறது.

ஆகவே, கோடை விடுமுறைக்கு லடாக் போகும் நேயர்களே, விமானச் சீட்டில் உள்ள நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். இறங்கியதும் வண்டி பிடித்து மலை ஏறாதீர்கள். இரண்டு நாள் அறையில் படுத்திருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இதய நோயோ மூச்சுக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.