விரிசலா, வெயிலா? சென்சார் வாங்கும் முன் கேட்க வேண்டியவை
(பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மேல்தளத்து பீம்களில் விரிசல் தெரிவதால், சென்சார் ஒட்டிக் கண்காணிக்கலாமா என்று இன்று முடிவெடுக்கிறோம். கட்டடப் பொறியாளனாக இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டு கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதல்லவா? உள்ளே இருக்கும் பீங்கான் துண்டு அடிபட்டதும் மின்சாரம் தருகிறது. இந்த பீசோ விளைவை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே துண்டு அதிரவும் செய்யும்.

பீமில் ஒட்டும் சென்சாரும் இந்த வகைதான். அது தானே அதிர்ந்து, பீம் எப்படி எதிர்வினை தருகிறது என்றும் கவனிக்கிறது. அது வரைபடத்தில் மேடுகளாகப் பதிவாகும். விரிசல் விழுந்தால் பீமின் விறைப்பு குறையும். மேடுகள் இடம் மாறும்.

சிக்கல் என்னவென்றால், வெயிலும் மேடுகளை இடம் மாற்றும். சூடேறினால் கான்கிரீட்டும் ஒட்டிய பசையும் சற்று இளகும். பீங்கானின் மின்குணமும் மாறும். காலை ஆறு மணிப் பதிவையும் மதியம் இரண்டு மணிப் பதிவையும் அப்படியே ஒப்பிட்டால், நல்ல பீம்கூட பழுதானதாகத் தோன்றலாம். அதைவிட ஆபத்து, உண்மையான விரிசலை "வெயில்தான்" என்று ஒதுக்கிவிடுவது.

சுவிட்சர்லாந்தில் இடிப்பதற்கு முன் இசட்-24 என்ற பாலத்தைச் சுமார் ஓராண்டு வேறுவகை சென்சார்களால் கண்காணித்தார்கள். குளிரில் மேலிருந்த தார் உறைந்து இறுகியதும் பாலத்தின் அதிர்வெண் உயர்ந்தது. பாலத்தில் ஒரு பழுதும் இல்லை. மாறியது வானிலை மட்டுமே.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. வெப்பத்தால் வரும் மாற்றத்தில் மேடுகள் பெரும்பாலும் ஒரே பக்கமாக நகரும். சூடு தணிந்ததும் திரும்பிவிடும். விரிசலோ வரைபடத்தின் வடிவத்தையே மாற்றும், இரவானாலும் திரும்பாது.

ஆகவே, கொட்டேஷன் தருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு சென்சார் அருகிலும் வெப்பநிலை பதிவாகுமா? தொடக்கப் பதிவை ஒரே நாளில் முடிக்காமல், குளிர்ந்த நாளிலும் கொளுத்தும் நாளிலும் எடுப்பீர்களா? ஒப்பிடும்போது வெப்பநிலைக்குத் திருத்தம் செய்வீர்களா?

மூன்றுக்கும் "ஆம்" என்று எழுத்தில் வந்தால் மட்டும் கையெழுத்திடுவோம். இந்த வில்லை தன் அருகில் உள்ள பழுதைத்தான் நன்றாகக் காட்டும். எனவே சென்சார் வந்தபின்னும், மழைக்கு முன்னும் பின்னும் மாடியேறி நாமே பார்ப்பதை நிறுத்த வேண்டாம்.