மைக் செட்டை இறக்கு!



போன வாரம் திருச்சியில் ஒரு மாநாடு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகத்தான்! வாசலில் செண்டை மேளம். உள்ளே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ், பக்கத்துக்கு நாலு. குத்துவிளக்கு ஏற்றியதும் வெளியே சரவெடி. முதல் வெடிக்கே ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். அமைப்பாளர் ஓடி வந்தார். வெடியை நிறுத்தவா? இல்லை. "அம்மா, பையனை வெளியே கூட்டிட்டுப் போங்க, நிகழ்ச்சி கெடுது" என்றார். யாருக்கய்யா அந்த நிகழ்ச்சி?

மேடையில் ஒரு தலைவர், "இவர்கள் தெய்வக் குழந்தைகள்" என்று முழங்குகிறார். தெய்வக் குழந்தை மேசைக்கு அடியில்! பாக்ஸை மட்டும் யாரும் இறக்கவில்லை.

நம் காதில் ஒதுங்கிப்போகிற சத்தம் இவர்களில் பலருக்கு ஒதுங்காது. ஃபேன் இரைச்சல், ட்யூப்லைட் துடிப்பு, மைக்கின் கீச்சு, நாற்காலி இழுபடுவது, எல்லாம் ஒரே பலத்தோடு வந்து மோதும். "ஒருத்தனுக்காக ஆயிரம் பேர் சிரமப்படணுமா" என்கிறார்கள். ஆயிரம் பேரும் காது அடைக்காமல் வீடு திரும்புவது சிரமமா?

ஆளுக்கு ஏற்ற ஒதுக்கம் கொடுப்பது நமக்குப் புதிதா? நம்ம ஊர் திருவெள்ளறையின் நாலு மூலைக் கேணியைப் பாருங்கள். தந்திவர்ம பல்லவன் காலத்தில், சுமார் 1200 வருஷத்துக்கு முன்னால், கம்பன் அரையன் வெட்டியது. நாலு பக்கமும் படி. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறைக்காரர் கண்ணில் படமாட்டார். மாமியார் மருமகள் கிணறு என்று சும்மாவா சொல்கிறோம்? ஒரே தண்ணீர், ஆளுக்கொரு ஒதுக்கம். பெருமாளுக்கே இந்த ஊர்க் கோயிலில் தை முதல் ஆனி வரை ஒரு வாசல், ஆடி முதல் மார்கழி வரை இன்னொரு வாசல். அந்தப் பையனுக்கு மட்டும் மண்டபத்தில் ஓர் அமைதி அறை கிடையாதாம்! விஐபி அறை மட்டும் உண்டு. அதில் முந்திரி பக்கோடா உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களே 1996-இல் ஆட்ரீட் என்று கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். அங்கிருந்து வந்ததுதான் சட்டையில் குத்தும் வண்ண அட்டை. சிவப்பு என்றால் பேச வராதே. மஞ்சள் என்றால் தெரிந்தவர் மட்டும். பச்சை என்றால் பேச ஆசை, நீயே தொடங்கு. ஒரு பொன்னாடை விலைக்கு நூறு அட்டை அடிக்கலாம். ஆனால் பொன்னாடையை நிறுத்தினால் பாதிப் பேர் வரவே மாட்டார்களே!

இது தயவு கேட்பதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது. ஒலி மாசு விதிகள் வந்தது 2000-இல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான். அந்த பாக்ஸ் பக்கம் யாராவது மீட்டரோடு போயிருந்தால் மீட்டரும் மேசைக்கு அடியில் போயிருக்கும்!

என்ன கேட்கிறோம்? எத்தனை மணிக்கு எது என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடு; கொடுத்தபடி நடத்து. கேட்காமல் பிள்ளையைத் தூக்கி போட்டோ எடுக்காதே. ஓர் அறையைச் சும்மா விடு. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த பாக்ஸை இறக்கு!

அடுத்த மாநாட்டுக்கும் நான் வருவேன். மேடைக்குப் போகமாட்டேன். நேராக மைக் செட்டுக்காரத் தம்பியிடம் போவேன். அமைப்பாளர் என்னையும் வெளியே போகச் சொல்லட்டும், பார்க்கிறேன்!